அக்கா கடைசியாகச் சொன்னது

டிசம்பர் 2

இந்த வருடம் கிறிஸ்துமஸ் விருந்து நம் வீட்டில்தான் என்று அறிவித்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் அக்கா வீட்டில் நடந்தது. ஜூன் மாதம் அக்கா போய்விட்டாள். அதற்காக மேசையும் போய்விட வேண்டுமா? நான் கப்பலில் சமையல் பார்த்தவன். ஐந்நூறு பேருக்கு ஒற்றை ஆளாய் ஆக்கிப் போட்டவன்.

வீட்டுக்காரி பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "மூணு மாசம் உருளைக்கிழங்கு உரிச்சதுக்கு முப்பது வருஷமா பேச்சு."

உரிப்பது சமையலில் சேர்த்தி இல்லையா?

டிசம்பர் 5

உள்ளதைச் சொன்னால், சாப்பாடு பெரிய விஷயமில்லை. அக்காவின் மகனும் மகளும் அடக்கத்தன்றைக்குப் பிறகு பேசிக்கொள்வதில்லை. அவன் அம்மாவோடு கோபித்துக்கொண்டு மூன்று வருடம் வாசல்படி மிதிக்காதவன். ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. குழிக்குப் பக்கத்தில் வைத்தே தங்கச்சி கேட்டுவிட்டாள், "இப்ப யாரைப் பாக்க வந்தே?" என்று.

இந்தக் கிறிஸ்துமஸும் ஆளுக்கொரு பக்கம் போனால் அப்புறம் நல்லது கெட்டதுக்குக்கூட முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் அப்பா தன் தம்பியோடு அப்படித்தான் முடிந்தார். எப்பாடு பட்டாவது இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார்த்தி வைக்க வேண்டும்.

டிசம்பர் 8

மருமகன், அதுதான் அக்கா மகன், வேலை செய்யும் லாரி ஷெட்டுக்குப் போனேன். லாரிக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் தெரிந்தது. காலோடு பேசினேன்.

"மாப்ளே, இருபத்தஞ்சாம் தேதி மத்தியானம் ஒரு மணி. வரலைன்னா நானே வந்து தூக்கிட்டுப் போவேன்."

"உங்க இடுப்புக்கு அது ஆகாது மாமா."

பிறகு வெளியே வந்தான். கையைத் துணியில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "அடக்கத்தன்னைக்குச் சொன்னீங்களே... என் மேல கோபம் இல்லைன்னு. அம்மா கடைசியா அப்படித்தான் சொன்னாங்களா?"

"அப்படியேதான்டா. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா."

கையைப் பிடித்த கதை இன்றைக்குத்தான் சேர்ந்தது.

"வர்றேன்" என்றான்.

டிசம்பர் 12

மருமகள் கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். போன உடனே, "அவன் வர்றான்னா நான் வரலை" என்றாள்.

"அம்மாடி, உங்கம்மா கடைசியா என்ன சொன்னா? என் பொண்ணு எனக்கு ஒரு குறையும் வைக்கலைன்னு சொன்னா. அவளுக்காக ஒரு வேளை சாப்பாடு, முடியாதா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேக் அவள் கொண்டுவருவாளாம்.

இரண்டு மாதம் அம்மாவோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவள். அக்கா போன அன்று காலை மட்டும் குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போனாள். அந்த ஒரு மணி நேரம் அக்காவுக்கு நான் காவல். அதை இங்கே எழுத வேண்டாம்.

டிசம்பர் 13

அத்தானைக் கூப்பிட்டாயிற்று. "உங்க பேரைச் சொல்லித்தானே கண்ணை மூடினா" என்று ஞாபகப்படுத்தினேன். மனுஷர் தலையை மட்டும் ஆட்டினார். அக்காவுக்குத் துணி தைத்த தையல்காரரும் வருகிறார். அவருக்கும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 24

வான்கோழி ஒன்பது கிலோ. கடைக்காரனே எழுந்து நின்று கும்பிட்டான். ஓவனில் பாதிதான் போகிறது. காலை மடக்கினேன், கட்டினேன், முட்டி கொடுத்துத் தள்ளினேன்.

"ஆறு பேருக்கு ஒன்பது கிலோ. கப்பல்ல இதுக்கு என்ன பண்ணுவீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

பேக்கரிக்காரர் தன் அடுப்பில் வைத்துத் தருகிறேன் என்றார். நல்ல மனுஷர். என் கை மசாலாவைப் பார்த்து அசந்துவிட்டார், கிட்டத்தட்ட.

டிசம்பர் 25

எல்லாரும் வந்தார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். எல்லாரும் வந்தார்கள்.

வாசலில் அவள் கேக் டப்பாவோடு நின்றாள். அவன் "குடு" என்றான். "வேண்டாம்" என்றாள். ஆனால் கொடுத்தாள். நான் சமையலறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அக்கா மேசையில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் போனவர்களைப் பற்றி ஆளுக்கொரு வார்த்தை சொன்ன பிறகுதான் கறியில் கத்தி வைப்பாள். "அதையும் விடக் கூடாது, ஆரம்பிங்க" என்றேன். நானேதான் சொன்னேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

தையல்காரர் எழுந்தார். "எனக்கு ஒரே ஒரு பெருமைதான். நான் தைச்ச நீலச் சட்டையைத்தான் கடைசியா எடுத்துட்டு வரச் சொன்னாங்களாம்."

சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. "சட்டையா? என் பேரைச் சொல்லிட்டுக் கண்ணை மூடினான்னு இவன் சொன்னானே."

"என்னைப் பத்திச் சொன்னதுதான் கடைசின்னு..." மருமகள் பாதியில் நிறுத்தினாள். அண்ணனைப் பார்த்தாள். "உன்கிட்ட என்ன சொன்னார்?"

அவன் என்னைப் பார்த்து, "மாமா?" என்றான்.

"எத்தனை கடைசி மாமா?" என்றாள் அவள்.

ஐந்து ஜோடிக் கண். சட்டை, பேர், மகள், மகன் எல்லாவற்றையும் கோத்து ஒரு கதை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என்னால் முடியும். அது ஒன்றுதான் எனக்கு வரும். ஆனால் அவன் முகம்...

"நான் அங்க இல்லை. அவ போனப்ப கீழே கேன்டீன்ல இருந்தேன்."

"அப்ப என்னைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலைடா."

அவன் எழுந்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனான். எட்டி உதைத்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒரு மணி நேரம்" என்றாள் மருமகள். "உங்களை நம்பி ஒரே ஒரு மணி நேரம்தான் போனேன்." அவளும் போய்விட்டாள். தையல்காரர் தோளைத் தட்டிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

அத்தான் மட்டும் இருந்தார். இரண்டு உருளைக்கிழங்கு சாப்பிட்டார். "நல்லா வெந்திருக்கு" என்றார்.

டிசம்பர் 26

வான்கோழி அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரி நாலு வார்த்தை திட்டினால் தேவலை.

டிசம்பர் 29

இரண்டு பேருக்கும் போன் போட்டேன். இரண்டு பேரும் எடுக்கவில்லை. எடுத்தால் மட்டும் என்ன சொல்லப் போகிறேன்?

ஜனவரி 1

யாரும் வரவில்லை.

ஜனவரி 5

வேலைக்குப் போகிற வழியில் மருமகள் வந்தாள். தோள்பையைக்கூடக் கழற்றவில்லை, நுனியில் உட்கார்ந்தாள்.

"கூட்டாம சொல்லுங்க. அம்மா உங்ககிட்ட கடைசியா என்ன பேசினாங்க?"

சொன்னேன். "டேய், காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடலை. போய்ச் சாப்பிட்டுட்டு வா." அவ்வளவுதான். போனேன். இரண்டு பன், ஒரு டீ. டீ போடுகிறவன் முகம் கொடுத்துப் பேசினான். கப்பல் கதையை எடுத்தேன். அவன் கேட்கக் கேட்க நானும் நீட்டினேன். நடுக்கடலில் புயல் வரைக்கும் வந்துவிட்டேன். அரை மணி நேரம் இருக்கும். மேலே போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். புயலையும் சொன்னேன். நான் ஒரு நாளும் புயலைப் பார்த்ததில்லை என்பதையும் சொன்னேன்.

தோள்பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "அது அம்மா பேசுற மாதிரிதான் இருக்கு" என்றாள்.

பிறகு தன் போனை எடுத்து ஒரு எண்ணைப் போட்டாள். "நான்தான். வைச்சுடாதே. மாமா பேசுறார், கேளு." போனை என் கையில் கொடுத்தாள்.

அதே வார்த்தைகளைச் சொன்னேன். கேன்டீனையும் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை. அந்தப் பக்கம் ஷெட்டில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மருமகன் போனை வைக்கவில்லை.