யாருக்கும் ஒரு குறையும் இல்லையாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி மூவரும் சுகம். அதேபோல நீயும் அங்கே உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று அப்பா கிண்டல் செய்கிறார். போனில் நான் ஒன்று கேட்டால் நீ வாயைத் திறப்பதற்குள் உனக்கு இன்னொரு அழைப்பு வந்துவிடுகிறது, கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு ஓட முடியாதல்லவா, அதற்குத்தான். தம்பி இப்போதெல்லாம் தினமும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு கிளம்புகிறான், யாருக்காக என்று இன்னும் தெரியவில்லை, கண்டுபிடித்துவிடுவேன். மாடி வீட்டுக்காரர் திடீரென்று எனக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்திருக்கிறார், என்ன கேட்கப் போகிறாரோ.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னை ஒரு குழுவுக்குத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, அப்பா தையல்கடைக்காரர் வரைக்கும் சொல்லித் தீர்த்துவிட்டார். ஆனால் போன வாரம் நீ சொன்னாயே, "என் டீம்ல யாருக்கும் ஒரு குறையும் இல்லம்மா, நான் டெய்லி கேக்கறேன், எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க" என்று, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. உடனே உன் அம்மாவுக்கு எதிலும் சந்தேகம் என்று சிரிக்காதே. அத்தனை பேர் சேர்ந்து வேலை பார்க்கிற இடத்தில் ஒருவருக்குமே குறை இல்லை என்றால் அவர்கள் உன்னிடம் எதையோ மறைக்கிறார்கள். முதல் முறையாக உனக்கு ஒரு பொறுப்பு வந்திருக்கிறது, அது கண் எதிரே உடைந்து விழுந்த பிறகுதான் உனக்குத் தெரிய வேண்டுமா? எங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நடந்ததைச் சொல்கிறேன், படித்துவிட்டு யோசி.

எங்களுக்குப் புது மேனேஜர் வந்திருப்பதைச் சொன்னேன் இல்லையா, எப்போதும் இனிக்க இனிக்கப் பேசுவதால் அவருக்குச் சர்க்கரை என்று பெயர் வைத்திருக்கிறோம். வந்ததும் தன் அறைக் கதவைக் கழற்றச் சொன்னார். டீ நேரத்தில் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். நாம் எல்லோரும் ஒரு குடும்பம் என்றார், அப்போதே எனக்குப் பொறி தட்டியது, குடும்பம் என்று சொல்கிறவர் எதற்கோ அடிபோடுகிறார் என்று. தினமும் ஒவ்வொரு மெஷினாக வந்து நின்று, "ஏதாவது கஷ்டம் இருக்கா, தயங்காம சொல்லுங்க" என்பார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். பழைய மேனேஜர் காலத்தில் ஒரு மெஷின் பழுது என்று யார் போய்ச் சொன்னாலும், கடைசியாய்த் தொட்டது நீதானே என்று சொன்னவர் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். அப்படி அடிபட்டவர்கள் நாங்கள். அதனால், குறை சொல்கிறவர்களின் பெயரைச் சர்க்கரை சேகரிக்கிறார் என்று நான்தான் முதலில் எல்லோரிடமும் சொன்னேன். என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல சார், நல்லா போகுது" என்று மட்டும் சொல்வது என்று முடிவானது.

எங்களிடம் துணி உலர்த்தும் பெரிய மெஷின் ஒன்று இருக்கிறது. அதன் கதவுக் கொக்கி உடைந்து வெகுநாளாகிறது. கிழிந்த படுக்கை விரிப்பைத் திரித்துக் கயிறாக்கி, கதவைப் பக்கத்துக் குழாயோடு கட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். சர்க்கரை வரும்போது கயிறு கண்ணில் படக்கூடாதே. துணி மடிக்கும் மேஜையில் இருக்கிற மூக்குக்கண்ணாடி அக்கா இரண்டு தரம் இருமுவார், உடனே கயிறு அவிழ்ந்து ஒருத்தியின் ஏப்ரன் பைக்குள் போய்விடும், இன்னொருத்தி கதை பேசுகிற மாதிரி கதவில் முதுகைச் சாய்த்து நிற்பாள். அவர் போனதும் மறுபடி கயிறு. மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்குச் சண்டை போடுகிற நாங்கள் இந்த ஒரு வேலையை ஒரே ஆளைப் போலச் செய்தோம். குழு வேலை என்று உங்கள் ஆபீசில் பாடம் நடத்துகிறார்களே, எங்களைப் பார்த்திருந்தால் பரிசு கொடுத்திருப்பார்கள். ஒருநாள் அவர் வந்து, தலைமை அலுவலகம் ஒரு பிரிவுக்குப் புது மெஷின் கொடுக்கிறது, உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார். புது மெஷின் வந்தால் ஆள் குறைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது, எல்லோரும் சேர்ந்து "இது தங்கமா ஓடுது சார்" என்றோம். புது மெஷின் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விட்டது.

பிறகு ஒருநாள் இருமல் கேட்டது, கயிறு அவிழ்ந்தது, ஒருத்தி சாய்ந்தாள். அன்றைக்குப் பார்த்து சர்க்கரை அவளிடமே நின்று பேச ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், வீடு எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். உள்ளே மெஷின் கொதிக்கிறது. அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அவர் நகர்ந்ததும் அப்படியே கீழே உட்கார்ந்தாள், முதுகுத் தோல் சட்டையோடு ஒட்டியிருந்தது. மாடி வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், நாங்கள் துவைத்துக் கொடுத்த விரிப்பிலேயே குப்புறப் படுக்க வைத்தார்கள். சர்க்கரை ஓடி வந்தார். "இவ்ளோ சூட்டுல ஏம்மா நின்னீங்க?" என்று கேட்டார். "நீங்க போகலையே சார்" என்றாள் அவள். மறுநாள் அவரே போய் ஓடுகிற மெஷின் கதவில் முதுகை வைத்துப் பார்த்துவிட்டுத் துள்ளி விலகினாராம், மூக்குக்கண்ணாடி அக்கா சொன்னார். இப்போது மெஷினை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தான் எழுதிக் கொடுத்தது தப்பு என்று சர்க்கரை மேலிடத்தில் சொல்லியிருக்கிறார், திங்கள்கிழமை அவரை விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று எனக்குப் பாதி சந்தேகம்தான். இருந்தாலும் கயிறு கட்டியது நாங்கள்தான் என்று நானும் போய்ச் சொல்லப் போகிறேன். உனக்கென்ன பைத்தியமா என்கிறார்கள் மற்றவர்கள். இருக்கட்டும்.

அதனால்தான் சொல்கிறேன் கண்ணு, குறை இருக்கிறதா என்று நின்ற இடத்திலிருந்து கேட்காதே. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் வேலையைக் கொஞ்சநேரம் நீயும் செய்து பார், எங்கே கயிறு கட்டியிருக்கிறார்கள் என்று உன் கையே சொல்லும். உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்களை என்ன பாடு படுத்தினாரோ, அதையும் விசாரி. நீ நல்லவள்தான், ஆனால் அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மேலே மூவரும் சுகம் என்று எழுதியிருக்கிறேன், பார். அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். அன்றைக்குக் கதவில் சாய்ந்து நின்றவள் நான்தான். தன் வினை தன்னைச் சுடும் என்பது என் விஷயத்தில் அப்படியே நடந்துவிட்டது. உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். இப்போது ஆறி வருகிறது, பயப்படாதே, நாற்காலியில் சாய முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால்தான் கையெழுத்து இந்த லட்சணத்தில் நேராக இருக்கிறது. நான் சொல்லிவிட்டேன், இனி நீ சொல்ல வேண்டும். நான் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா" என்கிறாய். அந்தக் குரல் எனக்குத் தெரியும்டி. சர்க்கரையிடம் நானும் அதே குரலில்தான் பேசினேன்.

நீ தீர்க்காயுசாக, நாலு பேர் பயமில்லாமல் வந்து பேசுகிற மனுஷியாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. பதில் கடிதமாகவே வரட்டும், அதில் சுகம் என்ற சொல் மட்டும் வேண்டாம்.

உன் பதிலை இரண்டு முறை படித்த பிறகே நம்பப் போகும்,
அம்மா