வடலூருக்கு நான் வந்தேன்

என் மருமகளுக்கு,

இன்னும் அப்படித்தான் எழுத வருது, பொறுத்துக்கோ.

உன் ரெண்டாம் கல்யாணத்துக்கு நான் வரலைன்னு நீ அழுதியாம். காசிமேட்டுல மீன் வாங்க வந்த உன் அக்கா சொன்னா. நான் வந்தேன். விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறியும், நான் வந்து சேர்றதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சு, வள்ளலார் சபைக்குள்ள கும்பிடப் போயிட்டீங்க. கறி மீன் விட்டவங்கதான் உள்ள போகணும்னு வாசல்ல போர்டு. எழுத்துக்கூட்டிப் படிச்சேன்.

"யாரும் கேக்க மாட்டாங்க, போம்மா"ன்னான் பூக்காரன்.

உன் புது வீட்டுக்காரருக்காக நீ மீனை விட்டுட்ட. என்னுது முந்தின நாள்கூட வஞ்சிரம் வெட்டின கை. அந்த மகான்கிட்ட பொய்யோட போக மனசு வரல. தருமசாலையில ஒண்ணும் கேக்காம சோறு போட்டாங்க, தின்னேன்.

என் மகன் காரியத்தன்னிக்கு, "உங்களாலதான் குடிச்சான்"னு நாலு பேர் முன்னாடி சொன்னியே, அதை நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன். அது வேற.

நீங்க வெளிய வந்தப்ப மரத்துக்குப் பின்னால நின்னேன். பேத்தி அவர் தோள்ல தூங்கிகினு இருந்தா. வெயில் படாம துண்டால மூடிக்கினு நடந்தார். என் மகன் அவளை அப்படித் தூக்கினதில்ல.

எனக்குப் பயந்து அவரை மாமான்னு கூப்பிடச் சொல்லி வச்சிருக்கியாம். அப்பான்னே கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
அவளோட ஆயா