சனிக்கிழமை ஜாக்சனில் பேசப் போவது பற்றி

பெல்ஃபோர்ட், மிஸிஸிப்பி
9 அக்டோபர் 1967, திங்கள்

அன்பு மகள் எர்லீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நிற்கவும் நடக்கவும் பேசவும் குறைவில்லாமல் இருக்கிறேன், பேச்சு மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு என்று நீயே எழுதியிருக்கிறாய். நீயும் மாப்பிள்ளை வெண்டெலும் உன் வயிற்றில் இருக்கிற சின்னதும் சுகமா என்று கர்த்தரைத் தினமும் கேட்கிறேன், அவர் உடனே பதில் போடுகிறதில்லை, நீயாவது போடு. உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது, கூடவே சிகாகோ பேப்பரில் இருந்து நீ வெட்டி அனுப்பின துண்டும் கிடைத்தது. வாயைத் திறந்துகொண்டு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. படம் எடுத்தவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொப்பியைச் சரி பண்ணியிருப்பேன். நீ தொப்பியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, அப்படியானால் உன் கவலை பெரிய கவலைதான் என்று புரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளையின் தபால் ஆபீசுக்கு யாரோ இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள், அவர் மேலதிகாரி கூப்பிட்டு, யுத்தத்துக்கு விரோதமா பேசுற இந்த லூவீனியா டார்வர் உன் பெஞ்சாதி ஊர்க்காரியாமே, அவ பொறந்த வீட்டுப் பேரும் அதேதானாமே, உனக்கு என்ன உறவு என்று கேட்டார், மாப்பிள்ளை கேட்டுச் சொல்றேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தார் என்று எழுதியிருக்கிறாய். எர்லீன், எனக்கு இருக்கிற துக்கத்திலும் அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். தன் மாமியார் யார் என்று கேட்டுச் சொல்கிற மாப்பிள்ளை எனக்குத்தான் வாய்த்திருக்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் சோள ரொட்டி காய்ந்துபோயிருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னவர்தானே. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேலைக்கே ஆபத்து, அதனால் சனிக்கிழமை ஜாக்சனில் யுத்தத்துக்கு விரோதமாக நடக்கிற கூட்டத்துக்குப் போகாதே அம்மா, என் பிள்ளை பிறக்கிற வரைக்குமாவது வாயை மூடிக்கொண்டு இரு என்று கேட்டிருக்கிறாய். மூன்று தடவை படித்தேன். கேட்கக் கூடாததை நீ கேட்கவில்லை.

நான் மே மாசம் பேசினதை நீ பேப்பரில் பாதிதான் படித்திருப்பாய், மீதியையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஓட்டுரிமைச் சங்கக் கூட்டம் நம் சபையில்தான் நடந்தது. பதினெட்டு வயசான நம் பையன்கள் ஏழு பேர் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், அத்தனை பேருக்கும் பட்டாளத்துக்குப் பேர் கொடுத்த அட்டை சட்டைப் பையில் இருந்தது. ஓட்டுப் பதிவைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லித்தான் என்னை எழுப்பினார்கள். எழுந்தேன், ஜூனியஸ் உட்காருகிற இடம் கண்ணில் பட்டது, வேறு ஏதோ வாயில் வந்துவிட்டது. நான் ஓட்டுக்குப் பேர் கொடுக்கக் கோர்ட்டுக்குப் பதினோரு தடவை போனேன், பத்து மணிக்கே மத்தியானச் சாப்பாடு என்று ஜன்னலைச் சாத்தினார்கள், அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியை எழுதிக் காட்டச் சொன்னார்கள், எழுதிக் காட்டினதைப் பார்க்காமலே கிழித்தார்கள். அதே கோர்ட்டில், அதே வராந்தாவில், எதிர்க் கதவுக்குள் என் பிள்ளை ஜூனியஸ் பட்டாளத்துக்குப் பேர் கொடுக்கப் போனான், அஞ்சு நிமிஷத்தில் வேலை முடிந்தது, உட்கார நாற்காலி கூடப் போட்டார்கள். என் பேரை எழுதப் பதினோரு தடவை, அவன் பேரை எழுத அஞ்சு நிமிஷம், பையன்களா கூப்பிட்டாலும் அந்த இரண்டாவது கதவுக்குள் இனிமேல் ஒருத்தரும் போகாதீங்க என்று சொன்னேன். இவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. ஜூனியஸ் செத்து அப்போது மூன்று மாசம் ஆகியிருந்தது. மிளகாய்ச் சாறு பாட்டில் ஒன்று அனுப்பும்மா, இங்கே சாப்பாடு சப்பென்று இருக்கு என்று அவன் எழுதின கடிதம், ராணுவத்துக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போன ஒன்பதாம் நாள் வந்தது என்று உனக்குத் தெரியும். பாட்டில் வாங்கினேன் என்பது உனக்குத் தெரியாது. கடையில் போய் நின்றேன், கை தானாக எடுத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. வெள்ளைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன், ஜன்னலில் கல் விழுந்தது, அட்டை வைத்து அடைத்துவிட்டேன். நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் தெரியாமல் போச்சு. மறுநாளே பாஸ்டர் கில்லியம் வந்து உட்கார்ந்தார். ஓட்டுரிமைக்காக எங்களைப் பிடித்துப் போட்டபோது ஜெயிலில் எனக்கு அடுத்த அறையில் இருந்துகொண்டு பாட்டுப் பாடினவர் அவர், நீயும் கேட்டிருக்கிறாய், பாட்டு சகிக்காது. லூவீனியா, ஓட்டு வேற யுத்தம் வேற, ரெண்டையும் ஒரே பானையில போட்டுக் கிண்டாதே, சர்க்கார்ல இருக்கிற நம்ம சிநேகிதங்களும் கையை விட்டுடுவாங்க என்றார். என் வீட்டுல இருக்கிறதே ஒரு பானைதான் பாஸ்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சங்கத்துச் செயலாளர் என்னிடம் இருந்த ஓட்டுப் பதிவு நோட்டை வாங்கிக்கொண்டு போனார், போகும்போது ஜூனியஸ் படத்துக்கு முன்னால் தொப்பியை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், அதனால் அவர் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. ஜூனில் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துச் சமையல் வேலை போச்சு, சர்க்கார் பணத்தில் நடக்கிற இடம், நீங்க பேசினா பிள்ளைகளுக்குப் பால் நின்னுடும் அக்கா என்று அங்கே பொறுப்பில் இருக்கிற பெண் அழுதுகொண்டே சொன்னாள், நான்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றி அனுப்பினேன். வடக்கே இருந்து பழைய கோட்டெல்லாம் அனுப்புவாளே அந்த வெள்ளைக்கார அம்மாள், அவளும் கடைசியாக ஒரு கடிதம் போட்டாள், உங்கள் தைரியம் பெரிசு, ஆனால் வெளிநாட்டு விஷயமெல்லாம் உங்களுக்குத் தெரியாதே என்று. வியட்நாம் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், என் பிள்ளை செத்த இடம். அதை எழுதிப் போடலாம் என்று உட்கார்ந்தேன், அவள் அனுப்பின கோட்டைத்தான் போட்டிருந்தேன், எழுதவில்லை. ஏப்ரலில் நியூயார்க்கில் யுத்தத்துக்கு விரோதமாகப் பேசின அந்தப் பெரிய பாஸ்டரையே பேப்பர்காரர்கள் அத்தனை பேரும் வறுத்து எடுத்தார்கள், நான் எந்த மூலை.

சபைக்கு நான் போகாமல் இல்லை. போகிறேன், என் பெஞ்சில் இடம் தாராளமாக இருக்கிறது, காலை நீட்டிக்கூட உட்காரலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ நம்ப மாட்டாய், நான் ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை. ஜூலையில் இருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, விடிகிறபோது பின்வாசல் படியில் மூடி வைத்த பாத்திரம் இருக்கிறது. ஒரு நாள் கீரை, ஒரு நாள் கோழி வறுவல், ஒரு நாள் சர்க்கரைவள்ளிக் கேக். சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது நம் பெண்கள் பாத்திரத்துக்கு அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதுவார்களே, இந்தப் பாத்திரங்களில் அதை உரித்து எடுத்துவிட்டு வைக்கிறார்கள். யார் வைத்தது என்று எனக்குத் தெரியக் கூடாதாம். பிப்ரவரியில் ஜூனியஸுக்கு வந்த முப்பத்திரண்டு பாத்திரத்தையும் கழுவித் துடைத்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தவள் நான். எந்தப் பாத்திரத்தில் எந்த இடத்தில் பீங்கான் உடைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். கேக்கில் இவ்வளவு ஜாதிக்காய் போடுகிறவள் இந்த ஊரில் ஒருத்திதான், பிளாஸ்திரி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

அங்கேதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன். நம் சபை டீக்கன் பெஞ்சாதி ஓரலீயின் நீல விளிம்புப் பாத்திரம் வந்தது, கழுவி எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, பட்டப்பகலில், அவள் வீட்டு முன்வாசலுக்கே போய்விட்டேன். அவள் புருஷனும் இன்னும் இரண்டு டீக்கன்மாரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தா ஓரலீ உன் பாத்திரம் என்று நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை. இது என்னுது இல்லையே அக்கா, நான் இப்படிப் பாத்திரம் வச்சிருந்ததே இல்லையே என்றாள். இருபது வருஷமாக அந்தப் பாத்திரத்தில் சாப்பிட்ட அவள் புருஷன் ஆகாயத்தைப் பார்த்தார். அதற்குள்தான் எனக்குப் புத்தி வந்தது, ஓ அப்ப வேற யாருதாவது இருக்கும், வயசாச்சு பாரு எனக்கு என்று சொல்லிவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் கோபமாக வந்தேன், வீட்டுக்கு வந்ததும் கோபம் போச்சு. டீக்கன் வேலை பார்க்கிற பஞ்சு மில் எந்த வெள்ளைக்காரனுடையது என்று எனக்குத் தெரியாதா. செவ்வாய்க்கிழமை அதே ஓரலீ பீன்ஸ் வைத்துவிட்டுப் போனாள், உப்பு கொஞ்சம் கூடுதல், மனசு சரியில்லாமல் சமைத்திருக்கிறாள். இப்போது நானும் எல்லாருக்கும் முந்தி எழுந்து அவரவர் பின்வாசல் படியில் பாத்திரத்தை வைத்துவிட்டு வருகிறேன். ஒரு நாள் தெருமுனையில் நானும் நம் சபை சிஸ்டர் பெர்னிஸும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு எதிரும் புதிருமாக வந்துவிட்டோம். என்ன அக்கா இவ்வளவு சீக்கிரம் என்றாள். காத்து வாங்க வந்தேன் என்றேன். நானும்தான் என்றாள். காற்று வாங்க இரண்டு பேரும் மூடி போட்ட பாத்திரத்தோடு வந்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை, அதாவது உன் கடிதம் வந்த மறுநாள், ஓரலீ என் வீட்டுக்கு வந்தாள். முன்வாசல் வழியாக, நல்ல வெயிலில், தெருவே பார்க்க வந்தாள். சாப்பாடு ஒன்றும் கொண்டுவரவில்லை, கையில் ஒரு காகிதம்தான் இருந்தது. அவள் மகன் டோபியாஸ், முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழு பேரில் ஒருத்தன், அவனைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்துவிட்டது, நவம்பர் ஆறாம் தேதி வண்டி ஏற வேண்டும். உட்காரு என்றேன், உட்காரவில்லை. லூவீனியாக்கா, சனிக்கிழமை நீ பேசுவேதானே, வக்கீல்களெல்லாம் வர்றாங்களாமே, என் பிள்ளை பேரையும் சேத்துச் சொல்லு, எனக்குப் பேச வராது, எம் புருஷனாலயும் பேச முடியாது, உன்னைத் தவிர இந்த ஊர்ல யாருக்கு வாய் இருக்கு என்றாள். உன் கடிதம் மேஜை மேல் இருந்தது, அவள் கடிதம் அவள் கையில் இருந்தது. பேசாதே என்கிறவளும் பிள்ளைக்காகத்தான் சொல்கிறாள், பேசு என்கிறவளும் பிள்ளைக்காகத்தான் சொல்கிறாள். அவளை அனுப்பிவிட்டு ரொம்ப நேரம் துணி தேய்த்தேன், தேய்த்ததையே திரும்பத் தேய்த்தேன்.

எர்லீன், நான் சனிக்கிழமை போகிறேன். டோபியாஸை நிறுத்த முடியுமா என்று எனக்குத் தெரியாது, ஜூனியஸ் போனபோது நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, காலுறை மட்டும் பின்னிக் கொடுத்தேன், அது தெரியும். இன்னொரு தடவை காலுறை பின்னிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. ஆனால் உன்னையும் மாப்பிள்ளையையும் தெருவில் நிறுத்திவிட்டுப் பேச மாட்டேன், அதற்கும் வழி பண்ணியிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லு, எங்கள் ஊரில் பாதிப் பேர் டார்வர்தான், அடிமைக் காலத்துத் தோட்ட முதலாளி நமக்கு விட்டுவிட்டுப் போனது அந்தப் பேர் ஒன்றுதான், அந்த அம்மாள் யாரோ எவரோ என்று அதிகாரியிடம் சொல்லிவிடச் சொல்லு. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்க்கட்டும், இல்லையென்றால் பாதியில் உளறிவிடுவார். ஜாக்சன்காரர்கள் மேடையில் அறிமுகம் செய்ய ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள், பேர் என்ன, ஊர் என்ன, பிள்ளைகள் எத்தனை என்று. பூர்த்தி பண்ணி சனிக்கிழமையே தபாலில் போட்டுவிட்டேன். பிள்ளைகள் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினேன். மகன், காலமாகிவிட்டான் என்று எழுதினேன். உன்னைப் பெறும்போது இரண்டு நாள் வலியில் கிடந்தேன், இல்லை என்று எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பேனா நன்றாகத்தான் எழுதினது.

ஜனவரியில் பிரசவத்துக்கு நான் வருவதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. வந்தால் யாராவது பார்ப்பார்கள், வராமல் இருக்கிறதே நல்லது. சின்னதுக்குப் போர்வை தைத்துக்கொண்டிருக்கிறேன், கடையில் வாங்கினது என்று சொல்லிக்கொள், தையல் போகிற கோணலைப் பார்த்தால் எந்தக் கடை என்று கேட்பார்கள், அதற்கு நீயே ஒரு பதில் யோசித்து வை. குளிர் வந்துவிட்டது, ரயிலுக்கு நிற்கும்போது காதை மூடிக்கொள், படியில் ஓடாதே, இடது பக்கமாகச் சரிந்து படு. கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் உன் வயிற்றில் இருக்கிறதையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாராக, அது பையனாக இருந்தால் அவனுக்குப் பதினெட்டு வயசாகும்போது அந்த இரண்டாவது கதவு இல்லாமல் போகட்டும். இனி நான் எழுதத் தாமதமானால் கோபம் என்று நினைக்காதே, எனக்கு உன்மேல் கோபமில்லை. அந்தத் தாளில் எழுதினது எழுதினதுதான், இந்தத் தாளில் மட்டும் சரியாக எழுதிவிடுகிறேன், எனக்கு இரண்டு பிள்ளைகள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா