சரசுவுக்கு இரண்டாம் அறுவை

ஆடி 4

எமர்ஜென்சி எடுத்தபின் வரும் இரண்டாவது ஆடி. விடிந்ததிலிருந்து காற்று. மாட்டுக் கொட்டகையில் இரண்டு ஓடு போயிற்று. கடலைக்காட்டுக்கு ஒரு தூறல் இல்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் பழனாத்தாள் எழுதுகிறாள். வேறு யார் கண்ணிலும் படக்கூடாது.

கோயமுத்தூர் டாக்டரின் கடுதாசி. எமர்ஜென்சி வந்த வருஷம் மகள் சரசுவின் குடலைக் குறுக்கே இணைத்தார், தின்றது உடம்பில் ஒட்டாமலிருக்க. ஒரு வருஷம் இளைத்தாள். வளையல் முழங்கை வரை ஏறியது. பிறகு பழைய எடை, அதற்கு மேலும். வயிற்றுப்போக்கு மட்டும் நிற்கவே இல்லை. இப்போது இன்னும் குட்டையாக இணைக்க வேண்டுமாம். ஆடி பன்னிரண்டில் சேர வேண்டும். என் கைநாட்டு வேண்டும்.

ஆடி 6

காற்று. கிணற்று மோட்டார் ரிப்பேர்.

சரசு சந்தோஷமாக இருக்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. "கண்டக்டர் ரெண்டு டிக்கெட் எடுங்கக்காங்கறானுங்கப்பா. எடுக்கறேன், பக்கத்து சீட்டுக்காரன எந்திரிக்கச் சொல்லுன்னேன். வாயே தொறக்கல."

பிறகு கேட்டாள்: "அம்மன்கிட்டப் பூ கேட்டீங்களா? போன தடவ வெள்ளை வந்த தைரியத்துலதானுங்க படுத்தேன்."

மோட்டாரைப் பார்க்கக் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

போன தடவை நடந்தது இது. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை என்றால் உத்தரவு. மூன்று தடவை கேட்டேன். மூன்றும் சிவப்பு. வீட்டில் வெள்ளை என்றேன். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் காப்பியைக் குடிக்காமல் எழுந்துபோன காலம்.

பழனாத்தாள் கை நின்றது. "இதையும் எழுதோணுமுங்களா மாமா?"

"எழுது சாமி."

ஆடி 9

பல்வலி. கிராம்பு.

கண்ணை மூடினால் முதல் அறுவை நடந்த அந்த வார்டு. நாலு கட்டில், நாலு பேருக்கும் அதே அறுவை. சன்னலோரம் பொள்ளாச்சி ருக்குமணி, பச்சைச் சேலை. அடுத்து கொழிஞ்சாம்பாறை தங்கம் டீச்சர். அடுத்து உடுமலை நாகம்மாள், எந்நேரமும் வெற்றிலை கேட்பாள். கடைசியில் சரசு.

இன்று கொழிஞ்சாம்பாறை போனேன். டீச்சர் வீட்டுக்காரர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர் இல்லீங்களா?"

"ரெண்டாந் தடவ அறுத்தாங்க. ஒம்போதாம் நாள் போய்ட்டா. ருக்குமணியும் அப்படித்தானுங்க."

"நாகம்மா?"

"அவங்க ரெண்டாவதுக்குப் போகவே இல்ல. ஈரல் கெட்டுப்போச்சு. போன மாசியில." கல்லைத் தூர எறிந்தார். "பிரிச்சுப் பழயபடி வெச்சிருந்தாப் பொழச்சிருப்பாங்கன்னு இப்பச் சொல்றாங்க."

பஸ்ஸில் இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

ஆடி 12

காற்று கொஞ்சம் ஓய்ந்தது. சரசு பை கட்டி வைத்திருந்தாள். புதுச் சோப்பு, இரண்டு சேலை, ஹார்லிக்ஸ்.

சிவப்புப் பூவை முதலில் சொன்னேன். பிறகு வார்டில் மற்ற மூவரும் போனதை.

அவள் கத்தவில்லை. "அம்மனையே ஏமாத்திப்போட்டீங்களேப்பா" என்றாள். பஸ் ஆரன் அடித்துவிட்டுப் போயிற்று.

கட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டாள்: "பிரிச்சுப் பழயபடி வெக்கச் சொல்லுங்க. அதுக்குன்னாக் கைநாட்டு வைங்க. குண்டாவே இருந்துக்கறேன்."

சரி என்றேன்.

"அந்த வார்டுல யாரு யாருன்னு இன்னொருக்காச் சொல்லுங்க."

"ருக்குமணி. தங்கம் டீச்சர். நாகம்மா."

"அப்பறம்?"

மறுபடியும் கேட்டாள்.

"சரசு" என்றேன்.