நான் தைப்பித்த பச்சைச் சட்டை

அண்ணா,

இன்று காலை என் அயன் பலகையில் சுற்றியிருந்த துணி கருகிவிட்டது. தொலைபேசி அடித்தது. அயன் பெட்டியை அப்படியே படுக்க வைத்துவிட்டு ஓடினேன். கதைத்து முடித்துத் திரும்பினால் அறை முழுக்கப் புகை வாசம், துணியின் நடுவில் பெட்டியின் கரிய அச்சு. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உழைத்த துணி. வேறு யாரும் என்றால் சுருட்டிக் குப்பையில் போட்டிருப்பார்கள். நான் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கரும்பச்சைத் துணியை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கடையில் அதைத் தெரிந்தெடுத்தவள்தான் நான். உடுத்தியவர் நீங்கள்.

கொட்டாஞ்சேனையில், லிப்ட் பூட்டவும் திருத்தவும் ஆள் அனுப்பும் அந்தக் கம்பனியில் நான் அலுவலக நிர்வாகம், நீங்கள் மூத்த மெக்கானிக். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக ஒன்பது மெக்கானிக்குகள். ஒன்பது பேரும் உங்களை அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள். நீங்கள் மட்டும் என்னைக் கடைசிவரை ‘மிஸ்’ என்றீர்கள். நான் ஓய்வு பெற்று, முடி முழுக்க வெளுத்த பிறகும் மிஸ்தான்.

வெள்ளைச் சட்டையோடு லிப்டுக் குழிக்குள் இறங்குகிற மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. கையை முழங்கைக்கு மேல் இரண்டு மடிப்பு மடிப்பீர்கள். மணிக்கூட்டையும் மோதிரத்தையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிவீர்கள். மற்றவர்களும் கழற்றும்வரை மோட்டாரைத் தொடவே விடமாட்டீர்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்ற மறுத்த ஒருவரை அன்று முழுக்கப் படிக்கட்டில் உட்கார வைத்தீர்கள். பின்னேரம் திரும்பி வரும்போது உங்கள் சட்டையில் ஒரு பொட்டுக் கிறீஸ் இருக்காது. எனக்கு அது கொஞ்சம் எரிச்சல். இந்த மனிதருக்கு இவ்வளவு மிடுக்கு ஏன் என்று நினைப்பேன்.

அப்போதுதான் முதலாளி சிங்கப்பூர் போய் வந்தார். அங்கே லிப்ட் மெக்கானிக்குகள் ஒரே நிற உடுப்பில் வரிசையாக நிற்பதைக் கண்டு மயங்கிப்போய் வந்தவர், வந்த கிழமையே கட்டளை போட்டார். வருகிற மாதம் முதலாந் திகதியிலிருந்து எல்லா மெக்கானிக்குகளும் யூனிபோம். வீட்டிலிருந்து புறப்படும்போதே போட்டிருக்க வேண்டும்; வீதியில் போகிறவர்கள் பார்க்க வேண்டும். போடாதவருக்கு அன்று வேலை இல்லை. அறிவித்தலைத் தட்டச்சு செய்தது நான். துணி எடுக்கப் புறக்கோட்டைக்குப் போனதும் நான்.

கெட்டித் துணி, கிறீஸ் பட்டால் தெரியாத நிறம் என்று பெருமையோடு கரும்பச்சையை எடுத்தேன். ஜம்பட்டா வீதித் தையற்காரர், நெஞ்சில் மூடி வைத்த இரண்டு பொக்கெற்றும் தோளில் பட்டியும் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றார். வையுங்கள் என்றேன். கம்பனிப் பெயர் பொறித்த பட்டிகள் பிறகு வரும் என்று சொல்லிவிட்டார்கள். வெறும் பச்சைச் சட்டைகள் மேசையில் அடுக்கியிருந்ததைப் பார்த்து, என்ன வடிவு என்று நானே மெச்சிக்கொண்டேன். யுத்தம் நடந்து, சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த காலம் அது. கைப்பையில் அடையாள அட்டை இல்லாமல் நானும் வாசற்படி தாண்டமாட்டேன். அப்படியிருந்தும், அந்த உடுப்பு இயக்கப் பெடியளின் சீருடையைப் போல இருக்கிறது என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை. முதலாளிக்கும் ஏறவில்லை. அவரும் தமிழர்தான், ஆனால் காரில் போய் வருகிறவர்.

உங்களுக்கு ஒரு நிமிடத்தில் ஏறியது. மடித்த உடுப்பை அப்படியே என் மேசையில் கொண்டுவந்து வைத்தீர்கள்.

“மிஸ், இதைப் போட்டுக்கொண்டு இந்த முகத்தோட நான் காலி றோட்டில இறங்கினா, லிப்ட் திருத்த வந்தவன் எண்டு ஆர் நம்பப் போயினம்?”

எனக்குக் கோபம் வந்தது. வெள்ளைச் சட்டையை விட மனமில்லாமல் சாட்டுச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். எல்லாருக்கும் ஒரே துணிதானே, உங்களுக்கு மட்டும் தனிச் சட்டம் போட ஏலாது என்றேன்.

“துணி ஒண்டுதான் மிஸ். போடுற ஆள் ஒண்டில்லையே.”

வேலை செய்யும் இடத்துக்குப் போய் மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டீர்கள். அதற்கும் முடியாது என்றேன். மறுநாள் நீங்கள் வெள்ளைச் சட்டையில் வந்தபோது திருப்பி அனுப்பி, எச்சரிக்கைக் கடிதமும் தட்டச்சு செய்து கொடுத்தேன். அப்போது நீங்கள் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தீர்கள். உங்கள் மனைவி ஊரில். ஏன் கொழும்பில் நிற்கிறாய் என்று பொலிஸ் கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் இருந்தது கம்பனிக் கடிதம் ஒன்றுதான். வேலை போனால் கொழும்பில் நிற்பதற்கான காரணமும் போய்விடும். அந்தக் கம்பனிக் கடிதத்தையும் தட்டச்சு செய்தவள் நான்தானே, எனக்கு அது தெரியாமலா இருந்தது? அடுத்த நாள் பச்சையில் வந்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

நீங்கள் பச்சை போட்ட மூன்றாம் நாள் காலை. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் லிப்ட் இடையில் நின்று, வயதான தம்பதி உள்ளே. நீங்கள் லொட்ஜிலிருந்து நேரே அங்கே போவதாகப் போன் எடுத்துச் சொன்னீர்கள். நடந்தால் பத்து நிமிடம். முக்கால் மணித்தியாலம் கழித்து, ஆள் வரவில்லையே என்று தொடர்மாடியிலிருந்து கேட்டார்கள். எங்கள் சிங்கள மெக்கானிக் சுனிலை அனுப்பினேன். அவர் போய் அந்த இருவரையும் வெளியில் எடுத்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். அண்ணாவைச் சோதனைச் சாவடியில் பிடித்து வைத்திருந்ததைக் கண்டாராம், இப்போது பொலிஸ் நிலையத்துக்கு ஏற்றிவிட்டார்களாம். அதே சாவடியை அதே பச்சைச் சட்டையோடு சுனிலும்தான் கடந்து போனார். அவரை ஒருவரும் நிற்பாட்டவில்லை.

ரிசீவரை வைத்தேன். மிஞ்சிய துணிச் சுருளையும் கடை பில்லையும் தூக்கிக்கொண்டு த்ரீவீலரில் ஏறினேன். கரும்பச்சைத் துணிச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குள் போன தமிழ்ப் பொம்பிளை கொழும்பிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வழியெல்லாம் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி. என் ஆயுளில் அத்தனை மெழுகுதிரி நேர்ந்ததில்லை.

சுனிலும் வந்து சேர்ந்தார். பொறுப்பதிகாரியின் அறையில் எங்களை இருத்தினார்கள். தலைக்கு மேலே மின்விசிறி விசையாகச் சுழன்றது. மேசையில் நான் வைத்த பில் பறந்துவிடாமல் விரலால் அமத்திக்கொண்டிருந்தேன். அதிகாரி துணிச் சுருளைப் பார்த்தார், சுனிலின் சட்டையைப் பார்த்தார், பிறகு இந்தத் துணியை எந்தப் புத்திசாலி தெரிந்தெடுத்தது என்று சிங்களத்தில் கேட்டார்.

“மம தமயி,” நான்தான் என்றேன். அப்படியானால் உள்ளே வைக்க வேண்டியது நோனாவை, அதாவது என்னைத்தான் என்றார். அவர் சிரித்தாரா இல்லையா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பின்னேரம் நான்கு மணிக்கு நீங்கள் வெளியே வந்தீர்கள். பெனியனோடு. பச்சைச் சட்டை மடித்தபடி கையில், மற்றக் கையில் வேலைச் சாமான் பெட்டி. அந்தக் கோலம் என் கண்ணில் அப்படியே ஒட்டிக்கொண்டது. சட்டையைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு என்னவெல்லாமோ நடந்திருக்கிறது என்று என் மனம் அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டது.

“மிஸ், லிப்டுக்குள்ள நிண்ட ஆக்கள் வெளியில வந்திட்டினமோ?”

அதுதான் நீங்கள் கேட்ட முதற் கேள்வி. ஓம் என்றேன்.

மறுநாள் முதலாளியின் அறைக்குள் தட்டாமல் போனேன். உங்கள் எச்சரிக்கைக் கடிதத்தின் பிரதியை அவர் முன்னால் கிழித்தேன். அவர் ஒழுங்கு, தோற்றம் என்று ஏதோ இழுத்தார். இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீங்கள் ஒரு நாள் பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போய் வாருங்கள், பிறகு கதைப்போம் என்றேன். என்னதான் போடுவது என்று அவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது நீங்கள் சொன்னதை அப்படியே குறித்து வைத்தேன்.

“வேலை கேக்கிறதை நாங்கள் ஒருநாளும் மறுக்கேல்லை. றப்பர் அடிச் சப்பாத்து வேணும், தொங்கிற கை கூடாது, மோதிரம் சங்கிலி கூடாது. மிச்சம் எங்கட உடம்பு, எங்கட உடுப்பு.”

புதிய அறிவித்தல் அந்த மூன்று வரிதான். பச்சைச் சட்டைகள் துடைக்கிற துணியாகக் கிழிந்தன. சுருளில் மிஞ்சியதில் ஒரு துண்டை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் அயன் பலகைக்குப் போட்டேன். புத்தி கெட்டுப் போனதை நாளாந்தம் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட தண்டனை. அதற்குப் பிறகும் கம்பனியில் இரண்டு தடவை யூனிபோம் பேச்சு எழும்பியது. இரண்டு தடவையும் நான் சன்னதம் கொண்டு ஆடி அதை நிற்பாட்டினேன்.

உங்களிடம் மட்டும் நான் கேட்கவேயில்லை. உள்ளே அடித்தார்களா என்ற அந்த ஒரு கேள்வி. தேநீர் நேரங்களில் நாக்கு நுனிவரை வரும். நீங்கள் கிரிக்கெட்டுக்குத் தாவிவிடுவீர்கள். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பதிலுக்குப் பயம். உங்கள் மனைவி கொழும்புக்கு வந்து, பிள்ளைகள் படித்து, நானும் வெள்ளவத்தைக்கே குடிவந்து, உங்கள் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

நீங்கள் கண்ணை மூடி முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு, குசினிக்குள் உங்கள் மனைவியிடம் வாய்விட்டுக் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“அடியோ? ஒருத்தரும் கை வைக்கேல்லை மிஸ். பயந்தவர்தான், இல்லையெண்டில்லை. லிப்ட் திருத்திறவன் எண்டா இந்த ஃபானைத் திருத்திக் காட்டு எண்டிருக்கிறாங்கள். மேசைக்கு மேல ஏறினா, அந்தச் சேட் கக்கம் இறுக்கி, கை மேல போகேல்லையாம். அதான் கழட்டினவர். ஃபான் சுத்தினாப் பிறகு தேத்தண்ணியும் குடுத்தவங்கள்.”

என் தலைக்கு மேல் அன்று சுழன்ற விசிறி, அண்ணா. அதன் காற்றில் இருந்துகொண்டுதான் நான் உங்களுக்காக நடுங்கினேன். பிறகு ஏன் இத்தனை வருடமாக என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்கள் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சொல்லச் சொல்லிப் பார்த்தாராம். நீங்கள் மறுத்துவிட்டீர்களாம்.

“அவவுக்கு அந்தப் பயம் இருக்கட்டும், அது இருக்கிற மட்டும் பெடியளுக்கு ஒருத்தரும் யூனிபோம் தைக்க ஏலாது எண்டுவார்.”

எனக்கு உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தது. யாரோடு பிடிப்பது? நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது மட்டும் நிச்சயம். ஏற்கெனவே ஒரு தரம் சாப்பிட்டவள் உங்கள் மனைவியிடம் திரும்பவும் சோறு கேட்டு, கத்தரிக்காய்க் குழம்பு விட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். உங்கள் வீட்டுச் சாப்பாட்டின் ருசி எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்று காலை வந்த போன் எங்கள் தொடர்மாடிக் கமிட்டிச் செயலாளருடையது. வாட்சர்மாருக்கும் லிப்ட் பார்க்க வருகிறவருக்கும் ஒரே நிறத்தில் உடுப்புத் தைக்கப் போகிறார்களாம். நான் கம்பனியில் இருந்தவள் என்றபடியால் நிறத்தை என்னைத் தெரிந்தெடுக்கச் சொன்னார். போடுகிற ஆட்களைக் கேட்டீர்களா என்றேன். இல்லை என்றார். அவர்களைக் கேட்டுவிட்டு, எந்த வழியால் வேலைக்கு வருகிறார்கள் என்றும் கேட்டுவிட்டு, பிறகு எனக்குப் போன் எடுங்கள் என்று அரை மணித்தியாலம் அவருடைய காதைத் தின்றேன். துணி கருகியது அந்த நேரத்தில்தான்.

நீங்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் கணித்தீர்கள், இதில் மட்டும் பிழை விட்டுவிட்டீர்கள். பயம் உங்கள் வீட்டுக் குசினியிலேயே போய்விட்டது, அண்ணா. போடுகிற ஆட்களைக் கேட்டீர்களா என்ற கேள்வி இன்னும் என்னோடுதான் இருக்கிறது.