இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் வராது, அப்பா

இன்று காலை மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் துடைப்பதற்காகத் திறந்தேன். துரு, பழைய கிரீஸ், பல்லிப் புழுக்கை எல்லாம் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த அதே வாடை. மற்றவர்களுக்கு அப்பா என்றால் திருநீற்று வாசமோ வெற்றிலை வாசமோ நினைவுக்கு வருமாம். எனக்கு வாய்த்தது இது.

தீப்பெட்டி அளவுகூட இல்லாத அந்த வைஃபை போர்டைத் தம்பி மணிமாறன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது உங்கள் கையில் கொடுத்தான். தன் பழைய போன் ஒன்றையும் கொட்டகையில் சார்ஜரோடு தொங்கவிட்டான். அந்தப் போன் வைஃபை கொடுக்கும், போர்டு அதைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் வேப்பந்தட்டை வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே வயல் மோட்டாரைப் போடலாம். த்ரீ பேஸ் கரண்டு எப்போது வரும் என்று வானத்தைப் பார்ப்பதுபோல் கம்பியைப் பார்த்துக் கிடக்கும் ஊரில் இது லேசான காரியமில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் மகன் பெருமை பேசித் திரிந்தீர்கள்.

அவன் சிங்கப்பூர் திரும்பிய பிறகு புரோகிராமை அனுப்பினான். அதை போர்டில் ஏற்ற என் பழைய லேப்டாப்தான் இருந்தது. வயரை மாட்டினால் போர்டில் விளக்கு எரிந்தது, லேப்டாப்போ அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை. நீங்கள் அவனுக்குப் போன் போட்டு, நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னீர்கள்: "ஒங்கக்கா கை பட்டுச்சுப்பா. அப்பறம் எப்புடி வெளங்கும்?"

கல்யாணம் முறிந்து நான் திரும்பி வந்த நாளிலிருந்து வீட்டில் பால் திரிந்தாலும் என் கைதான் காரணம். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் என்பது உங்களுக்கு மறந்தே போயிருந்தது. மாட்டியிருந்தது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வயர், வேறு எதையும் கடத்தாது. என் போன் வயரை மாற்றி மாட்டினேன், புரோகிராம் ஏறியது. நீங்கள் மறுபடி போனை எடுத்தீர்கள். "நீ சொன்னாப்ல செஞ்சேன், வந்துடுச்சுப்பா" என்றீர்கள்.

அதன்பிறகுதான் இந்தப் பெட்டியின் வம்பு வந்தது. "எலி கடிச்சிடும்ப்பா, ஸ்டார்ட்டர் பொட்டிக்குள்ளயே வச்சு மூடிடுங்க" என்று தம்பி சொன்னான். மூடினீர்கள். மோட்டார் ஓடவில்லை. வீட்டில் உட்கார்ந்து போனை அமுக்கி அமுக்கிப் பார்த்தீர்கள். பெரியப்பாவும் அப்போது இருந்தார்.

"அது இரும்புப் பொட்டிப்பா. உள்ள வச்சு மூடுனா சிக்னல் போவாது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு வெளிய மாட்டிடலாம்" என்றேன்.

"நீ படிச்ச படிப்பு ஒம் பொழப்பையே ஓட்டல. எம் மோட்டார ஓட்டப் போவுதா? வாழாவெட்டிக்கு வாயப் பாரு" என்றீர்கள்.

பெரியப்பா சிரித்தார். நான் அவர் குடித்து வைத்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பெட்டிக் கதவைத் திறந்தால் வேலை செய்கிறது என்பதை நீங்களே கண்டுபிடித்தீர்கள். காரணத்தை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் என்னைத்தான் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே கரண்டு வரும்போதெல்லாம் வயலுக்கு நடந்து போய், கதவைத் திறந்து, அங்கேயே நின்று போனை அமுக்கி மோட்டாரைப் போட்டீர்கள். ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டன் மூக்குக்கு நேரே இருந்தது. அதைத் தொட்டால் மகனுக்கு அவமானம். எலிக்குப் பயந்து கதவை மறுபடி மூடிவிட்டு வருவீர்கள். நடக்காமல் இருக்க வாங்கிய சாமானுக்காக நடையாய் நடந்த மனிதர் இந்தத் தாலுகாவிலேயே நீங்கள் ஒருவர்தான். "ஓடுதாப்பா?" என்று தம்பி கேட்பான். "ஒம் புண்ணியத்துல ஓடுது சாமி" என்பீர்கள்.

அன்று சித்திரை வெயில். சின்ன வெங்காயம் காய் பிடிக்கிற சமயம், தண்ணீர் தப்பினால் போயிற்று. உச்சியில் கரண்டு வந்தது. நான் போகிறேன் என்றேன். "நீ போனா வெங்காயம் அழுவிப் போவும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். என்னிடம் நீங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

கொட்டகை வாசலில் கிடந்தீர்கள். பெட்டிக் கதவு திறந்திருந்தது. கையில் போன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, வாய்க்கால் நிறையத் தண்ணீர் போனது. பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்: "புள்ள வச்சுக் குடுத்த மெசினு, சாவும்போதும் தண்ணி பாய்ச்சிட்டுப் போயிட்டான்." நான் அழவில்லை. மோட்டாரை நிறுத்தினேன். வெங்காயத்துக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது.

காரியம் முடிந்து தம்பி போனதும் அவனுடைய பழைய போன் பேட்டரி உப்பிச் செத்தது. போர்டை லேப்டாப்பில் மாட்டினேன். திரையில் ஒரே வரி வந்துகொண்டிருந்தது: மணிமாறனைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. மறுபடி, மணிமாறனைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. அவன் பெயரைத்தான் வைஃபைக்கு வைத்திருந்தான். போர்டும் உங்கள் வளர்ப்புதானே என்று நினைத்தேன். புரோகிராமில் பெயரை மாற்றித் தரச் சொல்லி அவனிடம் போனில் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒனக்குப் புரியாதுக்கா" என்றான்.

கரண்டு நடுச்சாமத்தில் வந்து போனதில் வெங்காயத் தாள் நுனி கருக ஆரம்பித்திருந்தது. நானே புதிதாக எழுதி ஏற்றினேன். கொட்டகையில் என் பழைய போன். போர்டுக்கு என் சீரோடு போய் என்னோடு திரும்பி வந்த பிளாஸ்டிக் டப்பா. இரும்புப் பெட்டிக்கு வெளியே மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அமுக்கினேன். மோட்டார் ஓடியது. வைஃபைக்குக் கலையரசி என்று என் பெயரையே வைத்திருந்தேன். எட்டு எழுத்துக்குக் குறையாமல் பாஸ்வேர்டு வேண்டும் என்று போன் கேட்டது. யோசிக்கவே இல்லை.

வருசத் திதிக்குத் தம்பி வந்தான். பெரியப்பாவோடு வயலுக்கு வந்தவனுக்கு அவனுடைய சிங்கப்பூர் சிம் இங்கே எடுக்கவில்லை. "வைஃபை பாஸ்வேர்டு என்னக்கா?" என்றான். ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். 'வாழா' வரைக்கும் வேகமாக அடித்தவன் விரல் அதற்கு மேல் நகரவில்லை.

"என்னடா?" என்றார் பெரியப்பா.

"ஒன்னுமில்ல பெரிப்பா." என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னான்: "மாத்திடுக்கா."

"எதுக்குடா? அப்பா வச்ச பேரு. நல்லாத்தான் வேலை செய்யுது. மிச்சத்தையும் அடி."

வெங்காயம் நன்றாக விளைந்தது, அப்பா. டப்பா இரண்டு மழையைத் தாங்கிவிட்டது, எலியும் வரவில்லை. கை பழகிவிட்டதால் அந்தச் சொல்லை இப்போது பார்க்காமலே அடிக்கிறேன். இரும்புக்குள் சிக்னல் போகாது என்று நான் சொன்னது சரிதான் என்று நீங்கள் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், அந்த இடத்தில் வேறு சொல் போட்டிருப்பேன்.