கொடைரோட்டில் அளந்த நிழல்

மாப்ள,

இன்று காலை வண்டியை எடுக்கும் முன் புது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்து, "என்னண்ணே இது, பெயின்ட் டப்பாவுல கம்பி நட்டிருக்கு?" என்றார். டப்பாவில் சிமென்ட் ஊற்றி நீ நட்ட ஒரு மீட்டர் கம்பிதான். ஆயுத பூஜைக்கு வண்டியோடு சேர்த்து அதற்கும் நீ வைத்த சந்தனம் இன்னும் அடியில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. "இருக்கட்டும் தம்பி, இன்னிக்கு அதுக்கு வேலை இருக்கு" என்றேன்.

பதினாறு வருடம் ஒரே தடம், திண்டுக்கல்லுக்கும் கொடைரோட்டுக்கும். உன் கையில் ஸ்டியரிங், என் வாயில் விசில். ஒருநாள் போனை என் முன்னால் நீட்டினாய். தொலைநிலைக் கல்வியில் வானியல் அறிமுகப் படிப்பு. புத்தகம் தபாலில் வரும், மாதம் ஒரு ஞாயிறு திண்டுக்கல்லிலேயே வகுப்பு. "இந்த வயசுல எதுக்கு மாப்ள?" என்றேன். "இம்புட்டு வருசம் ஓட்டியும் கொடைரோட்டத் தாண்டல மச்சான். வானத்துலயாச்சும் செத்த தூரம் போயிட்டு வருவோம்" என்றாய். இருவர் பெயரையும் நீயே பதிந்துவிட்டாய். நாம் ஜோசியம் படிப்பதாக டெப்போவில் பேச்சு கிளம்பியது. செக்கர் கூடக் கையை நீட்டினார். நீ ரேகையை உற்றுப் பார்த்து, "எங்களுக்கு டீ வாங்கித் தர்ற யோகம் இருக்கு சார்" என்றாய்.

படிப்பில் ஒரு செய்முறை இருந்தது. ஒரு வருடம், வாரம் ஒருமுறை, நண்பகலில் கம்பியின் நிழலை அளந்து நோட்டில் எழுத வேண்டும். இருவர் சேர்ந்து செய்யலாம். நமக்கு மதியம் கொடைரோட்டில் முக்கால் மணி நேரம் நிறுத்தம் என்பதால் புதன்கிழமைகளில் அங்கேயே அளந்தோம். வண்டியைப் பின்னால் எடுத்து வேப்பமர ஓரம் விடுவாய். நான் இறங்கி நின்று "வரலாம், வரலாம்" என்பேன். கண்ணாடியைப் பார் என்றால், "நீ நிக்கையில எனக்கெதுக்குக் கண்ணாடி?" என்பாய்.

ஆவணியில் சூரியன் சரியாக உச்சிக்கு வந்து நிழலே விழாத நாள் ஒன்று உண்டு. அதற்காக ஒரு மாதம் காத்திருந்தோம். அன்று பார்த்து மேகம் மூடிவிட்டது. "நிழல் இருக்காதுன்னு தெரியும்ல, பூஜ்யம்னு போட்டுரு" என்றேன். நீ முறைத்தாய். "தெரியிறது வேற, பாக்குறது வேற. பாக்கலேன்னா பாக்கலேன்னு எழுது. சித்திரையில மறுபடி உச்சிக்கு வரும், அப்பப் பாப்போம்." நோட்டில் 'பார்க்கவில்லை' என்று எழுதி, நம் இருவர் பெயரையும் போட்டாய்.

கார்த்திகையில் உனக்குச் சோறு இறங்கவில்லை. நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் பெண்டாட்டியும் சேர்ந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். ரிப்போர்ட்டை டாக்டர் என்னிடமும் தங்கச்சியிடமும்தான் சொன்னார். கணையத்தில் கட்டி, பரவிவிட்டது, மூன்று மாதம். தங்கச்சி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தெரிய வேணாம்ணே. தெரிஞ்சா அன்னிக்கே உசுர விட்டுருவாரு. நீங்க சொன்னாத்தான் நம்புவாரு." வராந்தா பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். "ரிப்போர்ட்டப் பாத்தியா மச்சான்?" என்றாய். "பாத்தேன். அல்சராம், மாத்திரையில சரியாயிருமாம்" என்றேன். என் முகத்தைச் செத்த நேரம் பார்த்துவிட்டு, "சரி, வா போவோம்" என்று எழுந்துகொண்டாய்.

அன்று புதன்கிழமை. நிழலை அளக்க யாரும் போகவில்லை. உன் வரிசையில் ஓட்டை விழக்கூடாதே என்று ராத்திரி நானாக ஓர் எண்ணை எழுதிவைத்தேன். மறுநாள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இனி இது என்கிட்டயே இருக்கட்டும். நீ அளந்து போன்ல சொல்லு" என்றாய். நோயில் கிடப்பவனுக்கு ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு நாம் பேசியதெல்லாம் நிழலைப் பற்றித்தான். மார்கழியில் அறுபத்தாறு சென்டிமீட்டர் வரை நீண்டது. நீ பாதியாகிப் போயிருந்தாய். "மாத்திரை கேக்குது மச்சான், இப்பத் தேவல" என்று நீ சொல்ல, நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தை கடைசியில் போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து தங்கச்சி நோட்டை என்னிடம் கொடுத்தாள். "உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு. ஒரே நம்பரா இருக்கு, நான் பிரிச்சுக்கூடப் பாக்கல."

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே பிரித்தேன். ஆஸ்பத்திரி நாளுக்கு நான் எழுதியது ஐம்பத்துநாலு. அதற்கு முந்தைய வாரம் ஐம்பத்தைந்து. மார்கழி வரை நீண்டுகொண்டே போக வேண்டிய நிழலை நான் குறைத்து எழுதியிருக்கிறேன், முட்டாள். அதை நீ சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் எழுதியிருந்தாய்: 'பார்க்கவில்லை. அல்சரும் இல்லை.'

இரண்டு மாதம் தெரிந்துகொண்டேதான் என் பொய்க்குத் தலையாட்டியிருக்கிறாய். பயமாக இருக்கிறது என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கலாம், அழுதிருக்கலாம். அதற்கு வழி இல்லாமல் செய்தவன் நான்தான். என் மேலேயே எனக்கு ஆறாத ஆத்திரம் இருக்கிறது மாப்ள. சித்திரை வரைக்கும் நீ கோடு போட்டு வைத்திருந்த வரிசைகளில் 'பார்த்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரை மட்டும் முன்கூட்டியே எழுதியிருந்தாய்.

இன்றுதான் அந்தச் சித்திரைப் புதன். மேகம் இல்லை. பன்னிரண்டு இருபதுக்குக் கம்பியின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிப்போனது. புது டிரைவர் போனில் படம் எடுத்தார். நான் பூஜ்யம் என்று எழுதினேன், பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

திரும்பும் டிரிப்பில் தங்கச்சி போன் செய்தாள். "பாப்பா அவங்க அப்பா கையெழுத்தப் பாக்கணுங்குதுண்ணே. அந்த நோட்டக் கொண்டாந்து குடுங்க, போட்டோகிட்ட வச்சுக்கிறோம்." பிறகு சொன்னாள்: "ஒரே ஒரு நிம்மதிண்ணே. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாமலே போச்சு. தெரியாதுல்லண்ணே?"

"தெரியாது தாயி" என்றேன்.

நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பக் கடைசித் தேதி நெருங்குகிறது. எல்லாப் பக்கத்தையும் அப்படியே அனுப்புவேன். யாரோ ஒருவர் திருத்துவார், சிவப்பு மையில் இருப்பது அவருக்குப் புரியாது. நோட்டு என் டிக்கெட் பையிலேயே இருக்கிறது. பஸ்ஸில் எங்கேயோ தொலைந்துவிட்டது என்று தங்கச்சியிடம் சொல்லப்போகிறேன்.